இரண்டாம் எழுத்து

கூடல், ஊடல், ஆடல், பாடல், தேடல், வாடல், சாடல். எல்லாம் மூன்றெழுத்து. முதலெழுத்து நெடில், இரண்டாம் எழுத்து டகரம். நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கூடல் மதுரையின் பழம்பெயர் என்பதால் அதில் தொடங்கினேன். ஊடல் தானாக வந்து நின்றது. ஆடலும் இந்த ஊருக்கே உரியது. ஆலவாய் இறைவனின் 64 ஆடல்களைத்தானே பரஞ்சோதி முனிவர் புராணமாகப் பாடினார். வாடலுக்கும் கூடலுக்கும் பொருளில் உறவில்லை. ஓசை அழைத்தது, வந்துவிட்டது.

*

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கூடலுக்குக் கடல் எதுகை ஆகாது. அதுவும் மூன்றெழுத்துதான், நடுவில் அதே டகரம், முடிவில் அதே லகர மெய். கண்ணுக்கு எல்லாம் பொருந்துகிறது, காது ஒப்புவதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த ஒரு மாத்திரை கடலைப் பிரித்து உடல், மடல், திடல், குடல் பக்கம் அனுப்பிவிடுகிறது. இவ்வளவு நுட்பமான காதுள்ளவர்கள் வகுத்த விதி இது. ஒவ்வொரு முறை சொல்லிப் பார்க்கும்போதும் மனம் நிறைகிறது.

*

வீரமாமுனிவரை நினைத்துக்கொள்கிறேன். இத்தாலியில் பிறந்து, 1710-இல் கோவாவில் வந்திறங்கி, மதுரை மிஷனில் பணியாற்றிய ஏசுசபைத் துறவி. 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதிக்குப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதி முழுக்க எதுகைக்காகவே. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி அதைத் திறக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லோடு சேர்ந்து ஒலிப்பவை எவை என்று பார்க்கத்தான் திறக்க வேண்டும்.

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் பிரித்துக் காட்டியவரும் அவரே. அதற்கு முன் குறிலின்மேல் ஒரு புள்ளி வைப்பதே அடையாளம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் வைக்காமல் விட்டார்கள். செறுவா சேறா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் வந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது. வளர்ந்த பிறகு தமிழ் கற்றவர் அவர். மாத்திரைக் கணக்கைப் பிறந்தது முதல் காதில் கேட்டுப் பழகியவர் அல்ல. கவனித்துக் கவனித்துப் பிடித்தவர். எழுத்தைத் திருத்தியதும் தொடையகராதி தொகுத்ததும் ஒரே கவனத்தின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

அவருக்கும் முன்னால் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. அதன் பதினோராம் தொகுதி ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின் வரிசையில்தான் நடக்கிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

*

வைகை, வாகை, தோகை, கூகை, ஈகை. ஆறு, மரம், மயிலின் வால், ஆந்தை, கொடை. அகராதியில் பக்கம் பக்கமாகத் தள்ளி நிற்பவை இங்கே ஒரே வரியில். வைகைக்கு அருகில் ஈகை நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடலுக்குக் கொடுப்பதைவிடக் கண்மாய்களுக்கு அதிகம் கொடுக்கும் ஆறு அது.

*

கீழடி. நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 56 பானையோடுகளில் தமிழி எழுத்துகள் கிடைத்தன. பானையைச் சுட்டு எடுத்த பிறகு அதன் தோள்பகுதியில் கீறியவை. எல்லாம் ஒரே கையெழுத்து இல்லை என்பதால், பானைக்கு உரியவர்களே எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவற்றில் ஒரு பெயர் ஆதன். மூன்றெழுத்து. தமிழியில் அகரத்தோடு ஒரு சிறு கோடு சேர்ந்தால் ஆகாரம். தன் பெயரின் முதலெழுத்து நீண்டு ஒலிக்கிறது என்று அறிந்து, ஓட்டின்மேல் அந்தக் கோட்டை இழுத்த கை எத்தனை தெளிவான கை! ஆதன், நாதன், காதல், மோதல், சாதல் என்று அந்தப் பெயருக்கும் ஒரு வரிசை எழுதிக்கொண்டேன்.

*

பிள்ளைகள் இன்று கைப்பேசியில் வேர்டில் ஆடுகிறார்கள். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்பு. நல்ல விளையாட்டுதான், எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று மூளை தேடிக்கொண்டே இருக்கிறது. தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடில் கூ என்பது ககரமும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். புள்ளியும் தனிக் குறி. அதனால் குறிகளை மட்டும் எண்ணும் நிரலுக்குக் கூடல் ஐந்தாகிவிடும். மூன்று என்று பிள்ளை விரல்விட்டுச் சொல்கிறது. பிள்ளை சொல்வதே சரி. நிரல் எழுதுகிறவர்கள் இதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

*

கண்மாய்க்கரையில் மடையைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது: மடை, நடை, படை, குடை, விடை, தடை, எடை, கொடை, தொடை. இரண்டெழுத்துச் சொற்கள் இத்தனை! இன்னும் வரும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். எதுகையை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் நடத்தாதீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை கொடுங்கள். உங்கள் ஊர்ப்பெயரையோ ஆற்றின் பெயரையோ கரும்பலகையில் எழுதி, அதே இரண்டாம் எழுத்தும் அதே அளவும் உள்ள சொற்களைப் பிள்ளைகளையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பொருள் தெரியாத சொல் வந்தால் அதையும் பலகையில் எழுதுங்கள். பொருளை அகராதியில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.