விடை அறிந்தவரின் மௌனம்

விடையை அறிந்த ஒருவர், அறியாத மாணவனிடம் அதனைக் கூறாது நிறுத்தி வைப்பது அறமாகுமா? உசாவல்வழி அறிவியல் பாடம் ஆசிரியர்முன் வைக்கும் வினா இது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் 2008ஆம் ஆண்டுத் தொடக்கநிலை அறிவியல் பாடத்திட்டம், மாணவரை உசாவுநராகவும் ஆசிரியரை அவ்வுசாவலுக்குத் தலைமை தாங்குபவராகவும் வகுத்தது. வகுப்பது எளிது, வகுப்பறையில் அவ்வண்ணம் நிற்பதே அரிது.

தட்டில் நீரூற்றி, எரியும் மெழுகுவத்தியை நடுவே நிறுத்தி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பது பழகிப்போன சோதனை. சுடர் அணையும், நீர் குவளைக்குள் ஏறும். எரிந்து தீர்ந்த உயிர்வளியின் இடத்தையே நீர் நிரப்பிற்று என்றும், காற்றில் உயிர்வளி ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு இதுவே சான்று என்றும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. கூர்ந்து நோக்கும் மாணவனோ வேறொன்றைக் காண்கிறான். சுடர் எரிகையில் நீர் அவ்வளவாக ஏறவில்லை; அணையும் தறுவாயிலும் அணைந்த பின்னருமே விரைந்து ஏறுகிறது. மூன்று மெழுகுவத்திகளை வைத்தால் இன்னும் உயர்கிறது. குவளைக்குள் இருந்த உயிர்வளி கூடவில்லையே! பின் நீர் மட்டும் ஏன் கூடிற்று?

"நூலில் உள்ளதை எழுது" என்று ஆசிரியர் அவனை அமர்த்திவிட்டால், அன்றுமுதல் அவன் தன் கண்ணை நம்பமாட்டான். அல்லது ஆசிரியரை நம்பமாட்டான். இவ்விரண்டில் பின்னதே சிறிய இழப்பு.

"நீயே கண்டுபிடி" என்று விலகி நிற்பதும் தலைமை ஆகாது. சூடேறிய காற்று விரிவதையும், குளிர்ந்தபின் சுருங்குவதையும், அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுவதையும் ஒரு சிறுவன் வெறும் வியப்பினால் மட்டும் எட்டிவிட முடியாது. மெழுகுவத்தியே இல்லாமல், வெந்நீரால் சூடேற்றிய வெறுங்குவளையை நீரில் கவிழ்த்தால் என்ன நிகழும் என்று ஆசிரியர் கேட்கலாம். அக்கேள்வி விடையன்று, ஆயினும் விடை அறிந்தவரால் மட்டுமே அதனைக் கேட்க இயலும். தமக்குத் தெரியும் என்பதை அவர் ஒளிக்க வேண்டுவதில்லை. தெரியாதவர்போல் நடிக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வர். பிறகு குவளையைப் பார்ப்பதை விடுத்து அவர் முகத்தையே பார்ப்பர். மறைத்தல் வேறு, பொறுத்திருத்தல் வேறு.

இஃது இறக்குமதிச் சரக்கு என்று தமிழாசிரியர் சிலர் எண்ணக்கூடும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலோ, ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் கிட்டுவது கால்பங்குப் புலமையே என்கிறது. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரை, பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. அறிவியற்கூடத்திற்கென எழுதப்பட்டதன்று அது; எனினும் ஆசிரியரின் பங்கைப் பவணந்தியார் அளந்த அளவு வியப்பூட்டுவதே.

தேர்வுத்தாள் நூலின் விடையையே எதிர்பார்த்தால் என் செய்வது? மாணவனின் ஏட்டில் அவன் கண்டது முதலில் இருக்கட்டும். நூல் கூறுவது அதன்கீழ் வரட்டும். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை அவனே ஒரு வரியில் எழுதட்டும். ஆசிரியரின் சிவப்பு மை முதலில் தொடவேண்டியது அந்த வரியைத்தான்.