சொல்லும் ஓர் அமானிதம்

நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். பணமும் நகையும் மட்டுந்தானா அமானிதம்? ஒருவர் நம்மை நம்பித் தம் வாயால் சொல்லும் துயரமும் அமானிதம் அன்றோ? கைக்குக் கை காமிரா வந்துவிட்ட இந்நாளில், பிறரைப் பேசவைத்துப் படம் பிடிப்போர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பார்ப்போரை ஈர்க்கும் பேட்டி எது? பேசுபவர் கண் கலங்கினால் பேட்டி வென்றுவிட்டது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தை உரைத்துப் பார்க்கப் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலின் வரலாறு ஒன்று உதவும்.

1980களில் அங்கே பாதரச வெப்பமானி ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அவ்வாலை பின்னர் இந்துஸ்தான் லீவரின் வசமானது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பது வெளிப்பட்டது. மக்கள் திரண்டனர், அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. தம் உடல்நலம் கெட்டதென்று முன்னாள் தொழிலாளர்கள் முறையிட்டனர். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. வழக்கு நீண்டு, 2016 மார்ச்சில்தான் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தொழிலாளர் பலர் காமிராவின்முன் பேசினர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மலையின் பனிமூட்டத்தைக் காமிரா அழகாகப் பிடிக்கும். அந்த ஆவியைப் பிடிக்க அதனால் இயலாது. எனவே, காட்சி தர முடியாத சான்றை மனிதரின் சொல்தான் தரவேண்டியிருந்தது. அச்சொல்லில் கேட்பவரின் சொல் கலந்துவிட்டால் என்ன மிஞ்சும்?

“பாதரசந்தானே உங்கள் வாழ்வைக் கெடுத்தது?” என்பது கேள்வியன்று; கேட்பவர் முன்பே எழுதிக்கொண்ட விடை. “காலையில் ஆலைக்குள் போனதும் முதல் வேலை என்ன அண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். கையுறை இருந்ததா, உணவு எங்கே உண்டார், வேலை உடையை எங்கே துவைத்தார் என ஒவ்வொன்றாக வரும். பிறகு ஓரிடத்தில் அவரே தயங்கி நிற்பார். அடுத்த கேள்வியை அவசரமாக வீசாமல் காத்திருப்பவருக்கே உள்ளத்தின் பேச்சு கிடைக்கும். காமிராவை அவர் கண்மட்டத்தில் வைப்பதும், மலைக்காற்று பேச்சை விழுங்காதபடி சட்டையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்துவதும், கருவியைப் பாராமல் அவர் முகத்தையே பார்த்திருப்பதும் தொழில்நுட்பம் மட்டுமல்ல; எதிரில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை. அம்மரியாதையே பார்ப்போரையும் கட்டிப்போடுகிறது.

“உணர்ச்சியைத் தூண்டாவிட்டால் யார் பார்ப்பார்?” என்பர் சிலர். 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப், அமெரிக்கப் பாடல் ஒன்றின் மெட்டில் இத்தொழிலாளர்களுக்காகப் பாடிய பாட்டைச் சில நாட்களிலேயே இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். தூங்கிய செவிகளை அது தட்டி எழுப்பியது. உண்மைதான். ஆனால் அது அவருடைய பாட்டு, அவருடைய சொல். அதை எப்படியும் இசைக்க அவருக்கு உரிமையுண்டு. பேட்டியிலோ சொல் பிறருடையது.

கடுஞ்சோதனை படத்தொகுப்பின்போது வருகிறது. பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது என்பதை மருத்துவம் அறியும். ஆயினும் ஒருவருடைய நோய்க்கு அதுவே காரணமென நிறுவுவது எளிதன்று. “என் கை நடுங்குகிறது, இதனால்தானா என்று எனக்குத் தெரியாது” என்று ஒருவர் சொன்னால் என்செய்வது? பின்பாதியை வெட்டினால் பேட்டி கூர்மையாகும். நோக்கமும் நல்லதுதானே, ஏழைக்கு நீதி கிடைக்கட்டுமே என்று மனம் வாதாடும். அங்கேதான் நாம் உறுதியாக நிற்க வேண்டும். அந்த அரை வாக்கியத்தை வெட்டியவர், அந்த ஏழையின் நேர்மையையே திருடியவராகிறார். தெரியாததைத் தெரியாதென்று சொல்பவர், தெரிந்ததைச் சொல்லும்போது நம்பப்படுகிறார். எதிர்த்தரப்பின் மறுப்பையும் சேர்த்துக் காட்டும்போது அந்நம்பிக்கை உறுதிப்படும்.

ஆதலின், தொகுத்த படத்தை வெளியிடுமுன் பேசியவருக்கே முதலில் காட்டுவோம். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் தலையசைக்கட்டும். “இதை விட்டுவிடுங்கள்” என்று தம் வீட்டு விஷயம் ஒன்றைச் சுட்டினால் விட்டுவிடுவோம். பார்ப்போர் தொகை சற்றுக் குறையலாம். குறைந்தால் குறையட்டும்; கூட்டாமலும் குறைக்காமலும் உரியவரிடம் சேர்ப்பதுதானே அமானிதம்!