மன உறுதி ஒன்றே போதுமா?

மன உறுதி இருந்தால் எச்செயலையும் முடித்துவிடலாம் என்பது நம்மிடையே பெரிதும் போற்றப்படும் கருத்தாகும். மேடைகளில் அதனைப் பேசுகின்றனர். பிள்ளைகளுக்கு நாமும் சொல்லி வருகிறோம். அக்கருத்தை ஐயுற நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இதில் நமது தவறும் கலந்திருத்தலின், மறையாது எழுதுதலே முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையில் பணிபுரியும் நம் தங்கை மகன் இல்லத்திற்கு வந்து, தான் மாரத்தான் ஓட்டத்தில் பங்கேற்கப் பெயர் கொடுத்திருப்பதாகக் கூறினான். ஓட வேண்டிய தொலைவு 42.195 கிலோமீட்டர். இடையில் இருந்த நாட்களோ இருபது. பள்ளியை விட்ட பின் அவன் ஓடியதெல்லாம் பேருந்தைப் பிடிப்பதற்காக ஓடிய ஓட்டமே. "மனம் வைத்தால் முடியாததும் உண்டா, மாமா?" என்றான். உடன் பணிபுரிவோர் பலரிடம் சொல்லிவிட்டானாம்; இனிப் பின்வாங்குதல் மானக்கேடு என்றான். நாமும் அவன் முதுகில் தட்டி, "பிரமாதம்!" என்றோம்.

அவன் ஓடி முடித்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முப்பதாவது கிலோமீட்டர் அளவில் கால்கள் கட்டையாகிவிட்டன. அதன் பின் நடந்தும், நின்றும், சாலைத் தடுப்பைப் பற்றிக்கொண்டும் எல்லையை அடைந்தான். பதக்கம் அணிந்த புகைப்படத்தைக் கண்டு உறவினர் அனைவரும் மகிழ்ந்தோம். மறுநாள் காலை அவனுக்குச் சிறுநீர் கருங்காப்பியின் நிறத்தில் இறங்கியது. தசை நார்கள் சிதைந்து, அவற்றினின்று வெளிப்பட்ட பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கியிருப்பதாக மருத்துவர் விளக்கினார். ஆறு நாட்கள் மருத்துவமனையில் நரம்பு வழியே நீர்மம் ஏற்றப்பட்டது. நல்லவேளையாக முழுவதும் தேறினான். அவ்வாறு நாட்களும் வாயிலில் அமர்ந்திருந்த தங்கை நம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. கூறியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இவ்வோட்டத்திற்கு முறையாகப் பழகுவோர் பொதுவாகப் பதினாறு முதல் இருபது வாரங்கள் எடுத்துக்கொள்கின்றனர். வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிக்கொள்ளும். தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் இணங்கா. உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைகோஜன் என்னும் எரிபொருள் முப்பது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்குத் தீர்ந்துபோகிறது. தண்ணீர் அருந்துவதிலும் பயிற்சி வேண்டும் என்றால் அன்பர்கள் வியப்படையலாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் நகர ஓட்டத்தில் 488 பேருடைய இரத்தத்தை ஆராய்ந்தபோது, அவர்களுள் நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் பருகியதே அதற்குப் பெரிதும் காரணம். நல்லதென்று எண்ணிச் செய்ததே தீங்காயிற்று.

இனி, ஓடுபவரைச் சூழ நிற்போரைப் பற்றிக் கூற வேண்டும். 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தான் இதற்குத் தக்க சான்றாகும். கடும் வெயில், உடன் சென்ற மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதி, வழியில் நீர் கிடைத்ததோ மிக அரிது. முப்பத்திருவர் புறப்பட்டுப் பதினால்வரே எல்லையை அடைந்தனர். புழுதியை விழுங்கி வயிற்றில் குருதி கசிந்து ஒருவர் சாலையில் கிடந்தார். முதலிடம் பெற்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவர் தளர்ந்து, தண்ணீர் கேட்டபோது, உடன் வந்தோர் அதனை மறுத்து, எட்டி மரத்து நஞ்சாகிய ஸ்டிரிக்னினை முட்டை வெண்கருவில் கலந்து கொடுத்தனர். பின்னர்ப் பிராந்தியும் புகட்டினர். அறிவு தடுமாறிய நிலையில் அவரைத் தாங்கி எல்லை கடத்தினர். கூட்டம் ஆரவாரித்தது. ஹிக்ஸ் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்தாம். எனினும் அந்நாளில் அவரை ஓட்டியது பிறருடைய விருப்பமே.

அதே ஓட்டத்தில் கியூபா நாட்டு அஞ்சற்காரர் பெலிக்ஸ் கார்வஹால் நீண்ட காற்சட்டையை முழங்கால் அளவில் வெட்டிக்கொண்டு ஓடினார். கண்டோர் நகைத்திருப்பர். வழியில் ஆப்பிள் தின்று வயிற்று நோவுற்றும் நான்காவதாக வந்தார். தோற்றத்தில் எவ்வித ஆயத்தமும் இல்லை. ஆயினும் கடிதம் சுமந்து நடந்த ஆண்டுகள் அவர் கால்களில் இருந்தன அன்றோ? நம் மருமகனிடமோ விலையுயர்ந்த காலணி இருந்தது.

மாரத்தான் என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையிலும் இதே நிலையைக் காண்கிறோம். வெற்றிச் செய்தியைச் சொல்லி உயிர்விட்ட தூதுவன் கதை, போர் நடந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தோர் எழுதியது. பழைய ஆசிரியராகிய ஹெரோடோட்டஸ் கூறும் ஃபிலிப்பிடிஸ், ஓடுதலையே தொழிலாகக் கொண்டவன்; ஸ்பார்ட்டா வரை ஓடியும் இறந்தான் என்று அவர் எழுதவில்லை. பயிற்சியால் பிழைத்தவனைக் காட்டிலும் வீழ்ந்தவனையே உலகம் விரும்பிற்று போலும்.

இப்பொழுது நாம் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம். உலக வழக்கில் "பிரமாதம்" என்பது பாராட்டு. நம் ஆகமங்களிலோ அது சோர்வு, கவனமின்மை. அத்தகைய பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்குத் தீங்கு விளைத்தலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. மானமும் அவ்வாறே. உலகத்தார்க்கு அது காக்கப்பட வேண்டிய பொருள். நமக்கு நான்கு கஷாயங்களுள் ஒன்று. அறியாமலேயே அன்று அவனிடம் மிகச் சரியான சொல்லைச் சொல்லியிருக்கிறோம்! மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று அறிந்த நாம், உடன்படுதலை மிகச் சிறிய குற்றமாகவே நடத்தி வருகிறோம். மருத்துவமனை வாயிலில் அது சிறியதாகத் தோன்றவில்லை.

அன்பர் ஒருவர் இதனைக் கேட்டு, "அவ்வாறாயின் முயற்சியே கூடாதோ? தகுதி வரட்டும் என்று காத்திருப்பவன் ஒருநாளும் தொடங்கமாட்டானே" என்று வினவினார். நல்ல வினா. இதற்கு எளிதில் விடை கூற நம்மால் இயலவில்லை. தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள், தியாகமும் தவமும் சக்திக்கேற்பச் செய்தல் இடம்பெறுகிறது. சக்தியை மிஞ்சாமை மட்டும் அதன் பொருளன்று. உள்ள சக்தியை ஒளியாமையும் அதன் பொருளேயாம். இரண்டிற்கும் இடைப்பட்ட கோடு எங்குள்ளது என்பதை, நாள்தோறும் சிறிது செய்து பார்ப்பவனே அறிவான். சிராவகர்க்குப் பதினொரு படிகள் வகுக்கப்பட்டதும் இதனாலன்றோ? கடைசிப் படியில் ஒரே தாவலில் ஏறச் சொல்லவில்லை.

ஆனால் நம் விழாக்களில் நடப்பது என்ன? அஷ்டமி, சதுர்த்தசிகளில் ஒருவேளை உணவோடு நோற்றுப் பழகாத இளையோர், தசலட்சண பர்வத்தில் பத்து நாள் உபவாசம் மேற்கொள்கின்றனர். ஏழாம் நாள் தலை சுற்றி விழுந்தாலும், மாலையையும் மேடையையும் எண்ணிப் பெற்றோரும் தடுப்பதில்லை. மாலை அணிவிப்போருள் நாமும் ஒருவர். ஆண்டு முழுவதும் சதுர்த்தசி தவறாது நோற்கும் மூதாட்டியர்க்கு மாலை அணிவித்ததாக நமக்கு நினைவில்லை.

தேறிய பின் மருமகன் நம்முடன் காலையில் நடக்கத் தொடங்கினான். முதலில் இரண்டு கிலோமீட்டர். பின்னர் நம்மை ஏரிக்கரையில் அமர்த்திவிட்டுத் தான் மட்டும் மெல்ல ஓடித் திரும்பினான். சென்ற மாதம் வந்தவன், "மாமா, மறுபடியும் பெயர் கொடுக்கலாமா?" என்று கேட்டான். இம்முறை முதுகில் தட்டவில்லை. இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று கேட்டோம். முப்பத்திரண்டு என்றான்.