மலர்க் குடிநீரும் ஐந்தாம் சீலமும்



மனத்துக்கு அமைதி தரும் பானமொன்றை அருந்துதல் சீலத்துக்குப் பொருந்துமா என்னும் வினா சிறியதன்று. மதுவை விலக்கிய குடும்பங்களில் இது நாள்தோறும் எழுவது. "கள்ளும் ஆகாது, சாராயமும் ஆகாது என்கின்றீர், அலுத்து வந்தவன் எதனைக் கொண்டு இளைப்பாறுவான்?" என்று வினவுவோருக்கு விடை கூறல் நம் கடன்.

ஃபீனிக்ஸ் பே துறையை எண்ணிப் பாருங்கள். பிற தீவுகளுக்குச் செல்லும் கப்பல்கள் இங்கிருந்து புறப்படுகின்றன. கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையும் இங்கே உளது. பகல் முழுதும் இரும்போசையில் உழைத்தவன் அந்தியில் வீடு திரும்புகின்றான். ஆலைத் தொழிலாளியாயிருந்த யான் அவன் நிலையை அறிவேன்: இயந்திரம் நின்ற பின்னும் அதன் ஓசை உடலினுள் நிற்பதில்லை. அந்நேரத்தில் அமைதியை நாடுதல் குற்றமன்று. எத்தகைய அமைதியை நாடுகின்றோம் என்பதே ஆராயத்தக்கது.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் பகவன் பிக்குகளுக்குப் பானங்களை அனுமதித்த செய்தி வருகின்றது. ஆங்கு மலர்ச்சாறுகள் யாவும் ஏற்கப்பட்டன. மதூகம் என்னும் ஒரு பூவின் சாறு மட்டும் விலக்கப்பட்டது. மதூகத்தை அதிமதுரம் என்பாரும் உளர். இலுப்பை என்பாரும் உளர். இலுப்பை இனத்து மஹுவாப் பூவினின்று நடு இந்தியாவில் இன்றும் சாராயம் வடிக்கின்றனர். அதே விநயம், பூவைப் புளிக்கவைத்து ஆக்கிய பானத்தை மதுவகையுள் சேர்த்து விலக்குகின்றது. இதன் நுட்பத்தை நோக்குக. பூவின்மேல் குற்றமில்லை, பூவை நாம் என்ன ஆக்குகின்றோம் என்பதிலேயே குற்றமும் குணமும் பிறக்கின்றன.

ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவதற்குக் காட்டும் காரணம் யாது? அது பமாதத்துக்கு, அதாவது விழிப்பின்மைக்கு, இடமாகின்றது என்பதே. நாகத்தை அடக்கிய ஆற்றலுடைய சாகத தேரர், அன்பர்கள் வீடுதோறும் அளித்த மதுவை அருந்தி நகர வாயிலில் வீழ்ந்தார். நாகத்தை வென்றவரை ஒரு கிண்ணம் வென்றது. மது தரும் அமைதி, விழிப்பை விலையாகப் பெற்றுக்கொண்டு தரும் அமைதி. அது உறக்கத்தை விரைவில் அழைக்கும். பின்னிரவில் அவ்வுறக்கத்தையே கலைக்கும்.

மலர்க் குடிநீர் அத்தகையதன்று. இலங்கையில் வெசாக் நாள்களில் அமைக்கும் தானசாலைகளில் வில்வம்பூக் குடிநீரும் ஆவாரம்பூக் குடிநீரும் வழிப்போக்கர் அனைவருக்கும் விலையின்றி வழங்கப்படுகின்றன. ஆவாரை வறண்ட நிலத்துச் செடி; ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் இத்தீவில் அதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. சங்குப்பூக்கொடி வீட்டு வேலியிலேயே படரும்.

நீலச் சங்குப்பூ ஐந்தாறு பறித்து, பச்சைக் காம்பினை நீக்கிக் கழுவுக. 200 மில்லிலிட்டர் கொதிநீரில் இட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டுக. சிறிது பனைவெல்லம் சேர்க்கலாம். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் நீலம் ஊதாவாக மாறும். குழந்தைகள் கண்டு களிப்பர். அன்றன்றே அருந்தி முடிக்க வேண்டும். அரளிப்பூ நஞ்சாதலின், ஐயமுள்ள எப்பூவையும் தொடலாகாது. கருவுற்றோரும் நாள்தோறும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டே அருந்துக.

இக்குடிநீர் நோய் தீர்க்கும், கவலை போக்கும் என்று பறைசாற்றுதல் நான்காம் சீலத்துக்கு இழுக்காகும். உண்மை இவ்வளவே: தேயிலையிலும் காப்பியிலும் உறக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் உண்டு, இதில் இல்லை. இளஞ்சூடு உடலுக்கு இதம். அதனினும் பெரிது, பூப் பறித்து, நீர் கொதிக்கும்வரை காத்திருக்கும் அக்கால்மணி நேரம். கை ஒரு செயலில் நிற்க, மனமும் ஆங்கே நிற்கப் பழகுகின்றது. வீட்டுப் பெண்டிர்மேல் இன்னொரு வேலையாய் இதனைச் சுமத்துவோன் அப்பயிற்சியை இழக்கின்றான்; தன் கையால் வைத்து, மனைவிக்கும் ஒரு குவளை அளிப்பவனே அதனை முழுதும் பெறுகின்றான்.

"மதுவை விட்டு மலர்நீரைப் பற்றினால் அதுவும் ஒரு பற்றன்றோ?" எனின், நல்ல கேள்வி. சோதனையும் எளிது. ஒரு நாள் பூ கிடைக்கவில்லை. அன்று வீட்டாரிடம் சினம் எழுகின்றதா? எழுமாயின், மயக்கமில்லாப் பானமும் விலங்காயிற்று என்று அறிக. எழாதாயின் அது துணையே. ஓடம் போல் பயன்கொண்டு கரையில் விடத்தக்கது.

ஆதலின், அருந்தும் எதனையும் ஒரு வினாவால் அளந்து பாருங்கள்: குவளை காலியான பின், அழும் குழந்தையின் குரல் நம் செவிக்கு எட்டுகின்றதா? எட்டுமாயின் அது நல்லமைதி.