எல்லாமே பன்மை

யூதர்களுக்கு யோம் கிப்பூர் ஆண்டின் மிகப் புனிதமான நாள். முந்தைய மாலை சூரியன் சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத விரதம். அன்றைய வழிபாட்டில் பாவ அறிக்கை ஒன்று உண்டு. எபிரேய எழுத்துகளின் வரிசையில், எழுத்துக்கு ஒரு பிழையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு பிழைக்கும் மூடிய கை நெஞ்சில் மெல்லத் தட்டும்.

நம் பக்தி மரபுக்கு இது அந்நியமல்ல. மாணிக்கவாசகரும் தம்மை நாயினும் இழிந்தவராகத் தாழ்த்திக்கொண்டுதான் இறைவன் முன் நிற்கிறார். ஆனால் அங்கே அவர் தனியாக நிற்கிறார். யோம் கிப்பூரில் எல்லாமே பன்மை. திருடாதவனும் 'திருடினோம்' என்கிறான். யாரையும் ஏசாத கிழவியும் 'அவதூறு பேசினோம்' என்கிறாள். பக்கத்தில் நிற்பவன் செய்ததில் எனக்கும் பங்குண்டு என்று வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமல்ல. ஆண்டுக்கு ஒரு நாள் சொல்லிப் பழகினால்கூட மனம் சற்று இளகத்தான் செய்யும்.

அன்று காலை வாசிக்கப்படுவது லேவியராகமம் 16-ஆம் அதிகாரம். குரு ஓர் ஆட்டின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் சடங்கு அதில் வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் போக்காடு என்று அறிந்தது அதைத்தான். ஆனால் ஆட்டின் தலையில் கை வைப்பதற்கு முன்பே தன் பாவத்துக்காகவும் தன் வீட்டாரின் பாவத்துக்காகவும் குரு ஒரு காளையைப் பலியிட்டாக வேண்டும். ஆட்டின் தலையில் ஏறுவது நம்முடைய பாவம்தான் என்று அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

2019 அக்டோபர் 9 யோம் கிப்பூர். ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஜெப ஆலயத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். வெளியே ஓர் இளைஞன், தானே செய்த துப்பாக்கிகளோடும் வெடிபொருள்களோடும் வந்து இறங்கினான். நடப்பதை இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டே வந்தான். பெண்ணியம், குறையும் பிறப்பு, பெருகும் குடியேற்றம் என்று தன் குறைகளை அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் வேர் யூதன் என்றான். பிறகு மரக்கதவைச் சுட்டான். கதவு அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் கண்காணிப்புத் திரையில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைய முடியாதவன், தெருவில் போன ஒரு பெண்ணையும், துருக்கிய உணவகத்தில் இருந்த ஓர் இளைஞரையும் கொன்றான். இருவருமே யூதர்கள் அல்ல.

கதவுக்கு உள்ளே செய்யாத பிழையையும் தமதென்று சொல்லும் கூட்டம். வெளியே தன் வாழ்வின் ஒரு துரும்பளவு குறைக்கும் தான் பொறுப்பில்லை என்பவன். இந்தக் காட்சியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அவன் வெள்ளை இனவாதி. 2025-இல் அதே யோம் கிப்பூர் நாளில் மான்செஸ்டர் ஜெப ஆலயத்தைத் தாக்கியவனோ ஐஎஸ் இயக்கத்துக்கு விசுவாசம் தெரிவித்தவன். நேருக்கு நேர் கண்டால் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் இரண்டு கூட்டங்கள் இவை. யூதர் விஷயத்தில் மட்டும், எல்லாவற்றுக்கும் வேர் அவர்களே என்ற ஒரே கதையை இரண்டும் சொல்கின்றன.

அந்தக் கதை எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவின் டெக்சாஸில், கோலிவில் ஊர் ஜெப ஆலயத்தில் நடந்தது காட்டியது. 2022 ஜனவரி 15, குளிரான சனிக்கிழமைக் காலை. ஒதுங்க இடம் தேடுபவன்போலக் கதவைத் தட்டியவனை உள்ளே அழைத்து, ஆலயத்தின் குருவான ரபி தன் கையால் தேநீர் போட்டுக் கொடுத்தார். பிறகு ஜெருசலேமை நோக்கித் திரும்பி ஜெபித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியின் 'கிளிக்' கேட்டது. அருகிலிருந்த சிறையில் இருக்கும் ஒரு பாகிஸ்தானியப் பெண்ணை விடுவிக்க வேண்டும் என்பது அவன் கோரிக்கை. அதற்காக அவன் யாரைத் தொலைபேசியில் பிடித்தான் தெரியுமா? நியூயார்க்கில் இன்னொரு ரபியை. அவர் ஒரு சொல் சொன்னால் அமெரிக்க அரசு சிறைக் கதவைத் திறந்துவிடும் என்று அவன் மனமார நம்பினான்.

இடதுசாரிகளிடம் இந்த நோய் அண்டாது என்று எண்ணிவிட வேண்டாம். 2012-இல் கிழக்கு லண்டனில் வரையப்பட்ட ஒரு சுவரோவியத்தில், யூதரைப் பழிக்கும் பழைய கேலிச்சித்திரங்களைப் போல வளைந்த மூக்குடைய வங்கிக்காரர்கள் குனிந்து கிடக்கும் ஏழைகளின் முதுகில் பலகை வைத்து விளையாடுகிறார்கள். தான் சாடியது வர்க்கத்தை, இனத்தை அல்ல என்றார் ஓவியர். அதை அகற்றச் சொல்லி எதிர்ப்பு வந்தபோது ஓவியர் பக்கம் பேசிய ஜெரமி கார்பின், பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவரான பிறகு, படத்தைச் சரியாக உற்றுப் பார்க்கவில்லையே என்று 2018-இல் வருந்தினார். ஏழைக்காக இரங்கும் கண்ணும் சில நேரம் உற்றுப் பார்ப்பதில்லை.

காஸாவில் செத்த பிள்ளைகளுக்காக அழுவதும், இஸ்ரேல் அரசைக் கேள்வி கேட்பதும் வெறுப்பல்ல. கேட்கத்தான் வேண்டும், இஸ்ரேலின் வீதிகளிலேயே யூதர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மான்செஸ்டரில் ஜெபிக்க வந்த முதியவரின் உயிரைப் பதிலாகக் கேட்கும்போதுதான் பழைய ஆடு திரும்ப வருகிறது.

நம் ஊரில் யூதர்களே இல்லையே, நமக்கென்ன என்று தோன்றலாம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய ஜெப ஆலயம் இருக்கிறது, வழிபட ஆட்கள்தான் அநேகமாக இல்லை. ஆனாலும் உலகத்தையே ரோத்சைல்டு என்ற யூத வங்கிக் குடும்பம் ஆட்டுவிக்கிறது, இலுமினாட்டி என்ற இரகசியக் கூட்டம் இயக்குகிறது என்று தமிழில் மணிக்கணக்கில் காணொளிகள் ஓடின. அவற்றைப் பார்க்கும்போது மனத்துக்குள் ஒரு சுகம் ஊறும். வேலை கிடைக்காததற்கும் விலை ஏறியதற்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி அது. தியானத்தில் அமர்பவர்கள் அந்தச் சுகத்தையே சற்று நேரம் கவனிக்கலாம். அதன் அடியில் இருப்பது கோபம்கூட அல்ல, பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும் சோம்பல்.

தனி மனிதருக்கே இவ்வளவு கடினம் என்றால், ஒரு மதம் முழுவதும் 'எங்கள் பிழை' என்று சொல்வது சாமானியமா? கிறிஸ்துவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதன் மேலும் சுமத்துவது திருச்சபையில் பல நூற்றாண்டுப் பழக்கம். ஜூல் ஐசக் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியரின் மனைவியும் மகளும் ஆஷ்விட்ஸில் மாண்டார்கள். அவர் தம் முதுமையில், 1960 ஜூனில், திருத்தந்தை இருபத்து மூன்றாம் ஜானைச் சந்தித்து, இந்தப் போதனையைத் திருத்துங்கள் என்று கேட்டார். பழிவாங்கக் கேட்கவில்லை, பாடத்தை மாற்றக் கேட்டார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை விலக்கி அறிக்கை வெளியிட்டது. ஐசக் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். சங்கத்தில் அந்த அறிக்கையை ஆதரித்து வாக்களித்தவர்கள் 2,221 பேர். எதிர்த்த 88 பேரும் தினமும் ஜெபித்தவர்கள்தான்.