அறிந்த பிறகு

அறியாமல் செய்வது பிழை, அறிந்த பிறகும் தொடர்வது பாவம் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வதற்கு எளிதுதான். பிழையானது பாவமாக மாறுகிற வேளை எது என்று கண்டுகொள்வதுதான் கடினம்.

கனடாவில், கியூபெக் நகருக்கு அருகே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த ரயில் பாலம் 1907 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மாலை, வேலை முடிகிற நேரத்தில் சரிந்து விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டார்கள்.

நடுவே தூணில்லாத இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக உயர்த்தியவர்கள், பாலத்தின் சொந்தக் கனத்தை உரிய காலத்தில் திருத்திக் கணக்கிடவில்லை. இது பிழை.

ஆனால் இரும்பு முன்னதாகவே எச்சரித்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு அளந்தபோது ஓர் உத்தரம் 2 அங்குலம் வளைந்திருந்தது. வரும்போதே வளைந்து வந்திருக்கும் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். இளம் எஞ்சினீயர் ஒருவர் நியூயார்க்கிலிருந்த ஆலோசகர் தியடோர் கூப்பரிடம் ஓடினார். இனிப் பாரம் ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அது பாலத்துக்குப் போகவில்லை. பென்சில்வேனியாவிலிருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போயிற்று. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே முடிவாயிற்று. பாலம் காலைவரை காத்திருக்கவில்லை.

இடிபாட்டில் சிக்கியவர்களில் சிலருக்கு உயிர் இருந்தது. உதவிக்கு வந்தவர்களால் அந்த இரும்பை அகற்ற முடியவில்லை. கடல் ஏற்றத்தால் ஆற்று நீர் உயர்ந்தது. அருகில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அவர்கள் மூழ்கினார்கள். சிலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை.

விசாரணைக் கமிஷன் இரண்டு எஞ்சினீயர்களின் தவறான முடிவுகளே காரணம் என்றது. சட்டத்துக்குப் பெயர்கள் வேண்டும். மனச்சாட்சிக்கு அது போதுமா? வளைவைப் பார்த்தவர்கள் பலர். நிறுத்தும் அதிகாரம் தமக்கில்லை என்று ஒவ்வொருவரும் மேலிடத்தைப் பார்த்தார்கள். அதிகாரம் இல்லாதவனுக்கும் கண் உண்டு. கண்டதை உரக்கச் சொல்ல வாயும் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் கழித்த அந்த இரண்டு நாட்களில்தான் பிழை பாவமாயிற்று என்பேன்.

மாண்டவர்களில் 30-க்கு மேற்பட்டவர்கள் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். இனி ஊர் ஆண்கள் எல்லோரும் ஒரே பாலத்தில் வேலை செய்யக் கூடாது என்று அவ்வூர்ப் பெண்கள் வற்புறுத்தினார்களாம். அவர்கள் யாரிடமும் அதிகாரம் கேட்கவில்லை. தாங்கள் அறிந்துகொண்டதை மறுநாளைக்கு ஒத்திவைக்கவும் இல்லை.