வாளின் கனம்

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறீர்களா? உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலத்தில் அந்த வாள் முன்னே போகும். 1956-ல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரள அரசு. எல்லைக்கோடு மாறிய பிறகும் வாள் போய்த் திரும்புவது நிற்கவில்லை.

ஒரு வருஷம் கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான்: "இதே மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டுபோனா என்னப்பா? யாருக்குத் தெரியும்?"

"சும்மா நில்லுடே" என்றார் அப்பா.

எனக்கென்னவோ நல்ல கேள்வியாகத்தான் பட்டது. ஏனென்றால், நகல் வாள் செய்வது இன்றைக்கு ஒரு தொழில். ஐரோப்பாவின் மத்திய கால நீள வாளை, இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற சாதி, நம்ம டேராடூனில்கூடச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த நகல்களிலும் பழசு, புதுசு உண்டு. முன்பு வந்தவற்றில் பல, தோற்றத்தைப் பார்த்துச் செய்தவை. நீளம் சரி, அகலம் சரி. ஆனால் பிடியிலிருந்து நுனி வரைக்கும் தகடு ஒரே தடிமன். தூக்கினால் கடப்பாரை! தூக்கிப் பார்த்தவர்கள், அந்தக் காலத்து வீரர்கள் எல்லாம் பீமசேனர்கள் என்று முடிவு கட்டினார்கள்.

பிறகு எவர்ட் ஓக்ஷாட் போன்றவர்கள் அசல் வாள்களைக் கையில் எடுத்து ஆராய்ந்தார்கள். அவர் 1960-களில் அவற்றை வகை பிரித்தே எழுதினார். அசல் நீள வாள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பிடிப்பக்கம் தடித்து, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிடியின் கோடியில் உள்ள குமிழ் அழகுக்கு மட்டுமல்ல, எதிர் எடை. இன்றைய நல்ல நகல்கள் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், பழைய நகலைவிடப் புது நகல்தான் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது!

சின்ன வயசில் எங்கள் ஊர்க் கொல்லாசாரி, வெட்டுக்கத்தியை ஒரு விரலில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். "கனம் கையிலே தெரியப்பிடாது மக்கா, வெட்டுலதான் தெரியணும்" என்பார். அவர் ஓக்ஷாட்டைப் படித்தவரில்லை.

நாமும் தினமும் நகல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். புது வீடு கட்டுகிறவர் ஆசையாகத் திண்ணை வைக்கிறார், மரத்தூண் வைக்கிறார். அதற்கு முன்னால் ஆளுயரக் கேட், பூட்டு, "நாய்கள் ஜாக்கிரதை". வழியில் போகிறவன் உட்கார்ந்து களைப்பாறத்தானே ஐயா திண்ணை? இன்னொரு பக்கம், அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பாட்டி, கோடை வந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் வைக்கிறார். திண்ணையின் உருவம் அங்கே எள்ளளவும் இல்லை. திண்ணையின் வேலை இருக்கிறது. முன்னோர் வழியில் நிற்பவர் யார்?

"எங்க தாத்தா காலத்திலேருந்தே இப்படித்தான்" என்று நாம் பிடித்துத் தொங்குகிற பலதும் தாத்தா எடுத்த நகல். அவரும் கண்ணால் பார்த்து எடுத்திருக்கலாம், நிறுக்காமல் விட்டிருக்கலாம். நாம் மறுபடி நிறுத்துப் பார்ப்பது அவருக்குச் செய்கிற அவமரியாதை ஆகாது.

அப்படியானால் அந்தப் பையனுக்கு என்ன பதில்? உடைவாளின் வேலை இன்றைக்கு வெட்டுவது இல்லை. இத்தனை தலைமுறையாகக் கை மாறி வந்தேன் என்று சாட்சி சொல்வது. சாட்சிக்கு ஆள் மாற்ற முடியாது. அதனால் அங்கே நகல் செல்லாது, தம்பி. மற்ற எதையும் நகல் எடு. எடுக்கும் முன்னால், அது என்ன வேலை செய்தது என்று மட்டும் கேள்.

சும்மா நிற்காதே.